நுரையீரலுக்கு வைத்த கிணற்று முறை

“உங்ககூட யாரும்மா இருப்பாங்க?” என்று அந்தப் பெண் கேட்டாள். சென்னை ஆஸ்பத்திரியில் நுரையீரல் மாற்று ஆபரேஷனுக்கு வருகிறவர்களிடம் பேசி, பேப்பர்களைச் சரிபார்த்து டாக்டர்களிடம் கொண்டுபோவது அவள் வேலை.

“எனக்கு மூணு தம்பிங்க இருக்காங்க” என்றேன்.

“தம்பிங்க எத்தனை பேருன்னு கேக்கலம்மா. உங்ககூட யாரு இருப்பாங்கன்னு கேட்டேன்.”

சுருக்கென்று கோபம் வந்தது. மூக்கில் குழாயோடு, பக்கத்தில் சக்கரம் வைத்த சிலிண்டரோடு, இரண்டு வார்த்தை பேசிவிட்டு மூன்றாவதுக்கு மூச்சு வாங்குகிற ஒருத்தியிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அவள் சரியாகத்தான் கேட்டாள் என்பது எனக்கு அப்போதே தெரியும். கோபம் வந்ததே அதனால்தான். துணைக்கு வந்திருந்த சின்னத் தம்பி டீ குடிக்கப் போனவன் இன்னும் திரும்பவில்லை.

வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊர் எனக்கு. பிறந்த வீடு செந்துறைப் பக்கம். வீட்டுக்காரர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை கிடையாது. அவர் விட்டுப்போன மாவு மில்லை நானே ஓட்டினேன். மிளகாய், மல்லி, கம்பு, கேழ்வரகு எல்லாம் அரைத்தேன். எங்கள் பக்கம் மக்காச்சோளம் அதிகம் என்பதால் மாட்டுத் தீவனத்துக்குச் சோளம் அரைக்க வருகிறவர்கள்தான் பாதிப்பேர். மழையில் நனைந்து பூசணம் பூத்த சோளத்தையும் கொண்டுவந்து கொட்டுவார்கள். மாடு தின்பதுதானே என்று அவர்களும் கவலைப்படவில்லை, நானும் கவலைப்படவில்லை. அதை அரைத்தால் மில்லுக்குள் புகை மாதிரி நிற்கும். எதிரே நிற்கிற ஆள் முகம் தெரியாது. நான் அதற்குள்தான் இருந்தேன், வருஷக்கணக்காக.

வறட்டு இருமல் வந்தது. பெரம்பலூரில் ஒரு டாக்டர் சளி என்றார், ஒருத்தர் ஆஸ்துமா என்று ஊதுகிற மருந்து கொடுத்தார், ஒருத்தர் டிபிக்குச் சோதித்தார். விரல் நகமெல்லாம் உப்பி வளைந்துகொண்டே வந்ததை யாரும் பார்க்கவில்லை. கடைசியில் திருச்சியில் ஸ்கேன் எடுத்து, நுரையீரல் தழும்பேறி இறுகிவிட்டது, இனி இளகாது என்றார்கள். பூசணத் தூசியாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை இறுகுவதை மெதுவாக்கும், நிறுத்தாது.

மில்லை வேறொருத்தருக்கு வாடகைக்கு விட்டேன். மில் என் வீட்டை ஒட்டித்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்து ஜன்னலையெல்லாம் ஆணி அடித்து மூடியாயிற்று. உள்ளே பெல்ட் ஓடுகிற சத்தம் கேட்கும். மாவு அரைக்க வந்த பெண்கள் பேசிக்கொள்வது கேட்கும். முன்பு அந்தப் பேச்சுக்கு நடுவில் நான் இருந்தேன். யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யார் வீட்டில் பசு கன்று போட்டது, எல்லாம் முதலில் எனக்குத்தான் தெரியும். இப்போது மில்லுக்கு வருகிறவர்கள் என் வாசலைத் தாண்டித்தான் போகிறார்கள். ஒருத்தரும் நுழைவதில்லை. கேட்டால், “பேசுனா உங்களுக்கு மூச்சு வாங்குமேன்னுதான் வரல” என்பார்கள். என்மேல் அக்கறையாம். பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போகலாமே, அது யாருக்கும் தோன்றவில்லை.

காற்றைப் பிரித்து ஆக்ஸிஜன் தருகிற மெஷின் ஒன்று வீட்டில் இருக்கிறது. அது கரண்டில் ஓடுவது. பராமரிப்பு என்று சொல்லி மாதத்தில் ஒருநாள் பகல் முழுக்கக் கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்குச் சிலிண்டர்தான். அளவைக் குறைத்து வைத்து, அசையாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் குடிக்க எழுந்தாலும் காற்று செலவாகும். மெஷின் நின்ற வீட்டில் என் மூச்சுச் சத்தம் எனக்கே பிடிக்காது.

சென்னை டாக்டரிடம் நான் நேரடியாகவே கேட்டேன். “மாத்து நுரையீரல் வச்சா எத்தனை வருஷம் சார் இருப்பேன்?”

அவரும் சுற்றி வளைக்கவில்லை. “சில பேரு பல வருஷம் நல்லா இருக்காங்க. வேலைக்குப் போறாங்க, மாடி ஏறுறாங்க. சில பேரு முதல் வருஷத்தையே தாண்டல. உங்க வியாதிக்காரங்க சில பேரு நுரையீரல் கிடைக்கிறதுக்கு முன்னாடியே போயிடறாங்க. நீங்க எதுல வருவீங்கன்னு என்னால சொல்ல முடியாது.”

ஆபரேஷனைவிட அதற்குப் பிறகுதான் கஷ்டம் என்றார். உடம்பு புது நுரையீரலை அந்நியம் என்று நினைத்து அடிக்கும். அடிக்காமல் இருக்க ஆயுசு முழுக்க மருந்து. அந்த மருந்து உடம்பின் எதிர்ப்பையே குறைத்துவிடும், அதனால் சின்னக் காய்ச்சல்கூட ஆளைத் தூக்கிவிடும். மருந்து நேரம் தவறக் கூடாது. தினமும் ஒரு கருவியில் ஊதிப் பார்த்து, குறைந்தால் உடனே ஓடி வரவேண்டும். முதல் வருஷம் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே வீடெடுத்துத் தங்க வேண்டும். கூட ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால், நுரையீரலுக்குக் காத்திருக்கிறவர்களின் அரசாங்கப் பட்டியலில் பேரே ஏறாது.

பணத்தை எப்படிப் புரட்டினேன் என்று இங்கே எழுதப் போவதில்லை. அரசாங்கக் காப்பீடு கொஞ்சம், நிலம் கொஞ்சம். பணம் கிடைத்துவிட்டது. கிடைக்காதது ஆள்தான்.

பெரிய தம்பி வீட்டில் கூடினோம். முந்திரித் தோப்பை ஒட்டின வீடு அவனுடையது. அவன் விவசாயம். நடுத்தம்பிக்கு மாடும் கொஞ்சம் முந்திரியும். சின்னவன் அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறான். அப்பா விட்டுப்போன கிணறும் மோட்டாரும் மூன்று பேருக்கும் பொது. ஆளுக்கு ஒரு நாள் முறை, விடியும்போது முறை மாறும். அப்பா செத்ததிலிருந்து அந்தக் கிணற்றில் ஒருநாளும் சண்டை வந்ததில்லை. ஊரில் மற்ற பங்காளிகள் தண்ணீருக்கு மண்டையை உடைத்துக்கொண்டபோதும் என் தம்பிகள் மட்டும் சொன்ன நேரத்துக்கு மோட்டாரை நிறுத்திவிட்டு வருவார்கள். அதில் அவர்களுக்குப் பெரிய பெருமை. அந்தக் கிணற்றில் எனக்குப் பங்கு கிடையாது. பெண்பிள்ளைக்கு எங்கள் பக்கம் யார் கிணற்றில் பங்கு கொடுத்தார்கள்.

பெரியவன்தான் ஆரம்பித்தான். “இதுல யோசிக்க என்னாக்கா இருக்கு? கெணத்து மொற மாதிரி வச்சிக்குவம். ஆளுக்கு ஒரு மாசம். சண்டையே வராது.”

“கரெக்டு” என்றான் நடுவன்.

சின்னவனுக்குத்தான் சந்தேகம் வந்தது. “ஆபரேஷன் பண்ணி அக்காவ உள்ளயே வச்சிருப்பாங்கல்ல, அந்த மாசம் யாரு மொறையில விழுவுதோ அவனுக்கு லாபம். எல்லாத்தயும் நர்ஸே பாத்துக்குவாங்க. அதெப்புடி கணக்குல சேத்துக்குறது?”

“ஒன் மொறையில கரண்டு வரலன்னா அடுத்தவன் மொறைய புடுங்கிக்குவியா? போனது போனதுதான். அதே ரூலு” என்றான் பெரியவன்.

“அது கரண்டு. இது அக்கா.”

“ரெண்டும் நம்ம கையில இல்லடா.”

மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தால் இருமல் வரும், வந்தது. நான் இருமி முடிக்கிறவரை பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். பிறகு தீபாவளி மாதம் யாருக்கு என்று பேச ஆரம்பித்தார்கள்.

நடுவன் பெண்டாட்டி டீ கொண்டுவந்தாள். எனக்கும் அவளுக்கும் என்றைக்குமே அவ்வளவு ஒட்டுதல் கிடையாது. வாய்த்துடுக்கு அவளுக்கு. எனக்கும்தான். டம்ளரை வைத்தபடியே, “மொற வைக்கிறது நீங்க. அங்க போயி மடை தொறக்கப் போறது யாரு?” என்றாள்.

“போயி வேலயப் பாரு” என்றான் நடுவன்.

அவள் போய்விட்டாள். பெரியவன் டீயை எடுத்து ஊதிக் குடித்தான். மூன்று தம்பிகளும் முறை எடுத்துக்கொண்டது அவரவர் பெண்டாட்டியின் தலையில் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

மறுமுறை சென்னைக்கு மூன்று பேரும் வந்தார்கள். வெள்ளை வேட்டி, சட்டை. பெண் பார்க்கப் போகிற மாதிரி வந்து அந்தப் பெண்ணுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். பெரியவன் முறையை விளக்கினான். கிணற்றிலிருந்து ஆரம்பித்து, விடியலில் முறை மாறுவதுவரைக்கும் சொன்னான். அவள் பொறுமையாகக் கேட்டாள். வேறு யாராவது என்றால் சிரித்திருப்பார்கள்.

“ஐயா, மாசத்துக்கு ஒருத்தர் மாறினா முடியாது” என்றாள். “மருந்தோட அளவு அடிக்கடி மாறும். நேத்து எப்படி இருந்தாங்க, இன்னிக்கு எப்படி இருக்காங்கன்னு கூடவே இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். ஆள் மாறுற இடத்துலதான் தப்பு நடக்கும்.”

“எங்க கெணத்துல இதுவரைக்கும் ஒரு தப்பு நடந்ததில்லம்மா.”

“இது கிணறு இல்லீங்க ஐயா. ஒரே ஆள் வேணும். அவருக்கு முடியாம போனா வந்து நிக்க இன்னொருத்தர். அவ்வளவுதான். உங்கள்ல யாரு?”

மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

“கலந்து பேசிட்டு வந்துடறோம்” என்று பெரியவன் எழுந்தான்.

வெளியே நடைபாதையில் நின்று பேசினார்கள். நான் சிலிண்டரோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பேசியதெல்லாம் எனக்குக் கேட்டது. பெரியவனுக்குக் காடு கழனி இருக்கிறது. சின்னவன் லாரியை விட்டால் வேலை போய்விடும். நடுவனுக்கு மாடு இருக்கிறது. எல்லாம் உண்மைதான், ஒன்றும் பொய்யில்லை. அதற்காக என் கோபம் குறைந்துவிடவில்லை. நான் செத்தால் இந்த மூன்று பேரும் லாரி பிடித்து ஊரையே கூட்டிக்கொண்டு வருவார்கள். பிறந்த வீட்டுக் கோடித்துணி யார் எடுப்பது, பந்தலுக்கு யார், பதினாறாம் நாளுக்கு யார் என்று ஒருத்தருக்கொருத்தர் போட்டி போடுவார்கள். சாவுக்கு ஆள் இருக்கிறது எனக்கு, நிறையவே இருக்கிறது.

கொஞ்ச நேரத்தில் பெரியவன் வந்து என் பக்கத்தில் குனிந்தான். “அக்கா, நடுவன் கையெழுத்துப் போடட்டும். நாம மொறையத்தான் வச்சிக்குவம். அவங்களுக்கு என்னா தெரியப்போவுது. மொதல்ல பேரு ஏறட்டும்.”

நான் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். உள்ளே போனோம்.

அந்தப் பெண் நடுவனிடம் கேள்வி கேட்டாள். “ஒரு வருஷம் நீங்க இங்கயே தங்கிடுவீங்களா?”

“தங்கிடுவன்.”

“வீட்ல யாரு பாத்துக்குவா?”

“அதெல்லாம் இருக்காங்க. நான் இல்லன்னா என் வூட்டுக்காரி வந்துடுவா.”

“அவங்ககிட்ட கேட்டீங்களா?”

“அவகிட்ட கேக்கறதுக்கு என்னா இருக்கு?”

அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “நீங்க சொல்லுங்கம்மா. இவர் இருப்பாரா?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும். பேர் ஏறியிருக்கும். டாக்டர் சொன்னது நினைவிருந்தது. நுரையீரல் கிடைப்பது அபூர்வம், ஒருத்தருக்குக் கொடுத்தால் இன்னொருத்தருக்கு இல்லை என்று சொல்லியிருந்தார். ஆனால் அதற்காக நான் உண்மையைச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் தியாகி இல்லை. எனக்குப் பயம். சென்னையில் ஏதோ ஒரு வாடகை அறையில், ஒரு தம்பி ஊருக்குக் கிளம்பிப் போய், அடுத்தவன் இன்னும் வந்து சேராத அந்த இடைவெளியில், காய்ச்சலோடு, எந்த மாத்திரை எப்போது என்று தெரியாமல் நான் படுத்துக் கிடப்பது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. யாரோ செத்து எனக்குக் கொடுத்த நுரையீரலோடு, ஊரில் இருப்பதைவிடத் தனியாக.

“இருக்க மாட்டான்” என்றேன்.

நடுவன் எழுந்து வெளியே போய்விட்டான். மற்ற இரண்டு பேரும் அவன் பின்னால் போனார்கள். அறையில் நானும் அவளும்தான்.

“யாருமே இல்லாதவங்க வருவாங்களா இங்க?” என்று கேட்டேன். “அவங்களுக்கு ஆபரேஷன் பண்ணா எப்படி இருக்காங்க?”

“அப்படிப்பட்டவங்க ஆபரேஷன் வரைக்கும் வர்றதில்லம்மா” என்றாள்.

அப்படியென்றால் இவர்கள் வைத்திருக்கிற கணக்கு மொத்தமும் ஆள் இருக்கிறவர்களின் கணக்கு. பிழைத்தவர்களும் சரி, பிழைக்காதவர்களும் சரி, பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கப் பிழைத்தவர்கள், உட்கார்ந்திருக்கச் செத்தவர்கள். நான் எந்தக் கணக்கிலும் இல்லை. அவளிடம் இதைச் சொல்லவில்லை. அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது. ஒரே ஆள் கிடைத்தால் எப்போது வேண்டுமானாலும் வாங்க, ஆனா சீக்கிரம் வாங்க என்றாள். என் ஸ்கேனைப் பார்த்தவள் அவள்.

ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். எனக்கு முன்னால் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வழியில் பஸ் நின்றபோது சின்னவன் மட்டும் ஜன்னல் வழியாக ஒரு டீ நீட்டினான். பெரம்பலூரில் இறங்கினோம். அவர்களுக்கு அங்கிருந்து அரியலூர் பஸ். நடுவன் என் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

“அந்தப் பொண்ணு முன்னாடி என்ன அசிங்கப்படுத்திட்டக்கா.”

“நீ இருந்திருப்பியாடா?”

அரியலூர் பஸ் வந்தது. “போயிட்டு வரேன்” என்று ஏறிக்கொண்டான். பெரியவன் ஒரு ஆட்டோவைக் கைதட்டிக் கூப்பிட்டு, என் ஊர்ப் பேரைச் சொல்லி, வாடகையையும் கொடுத்துவிட்டு ஓடிப்போய் ஏறினான். நல்லவர்கள்தான். நல்லவர்களாக இருப்பதால் எனக்கு என்ன பிரயோஜனம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு போன் வருவது குறைந்தது. பொங்கலுக்குச் சின்னவன் வந்து சீர் வைத்துவிட்டு, வாசலிலேயே நின்றுவிட்டுப் போனான். டிரைவர் வேலையில் தூசி அதிகம், உள்ளே வந்தால் எனக்கு ஆகாது என்றான். அதுவும் அக்கறைதான்.

மில்லில் பெல்ட் ஓடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நடுவன் பெண்டாட்டி நம்பருக்கு நானே போட்டேன். அவள் நம்பருக்கு நான் போட்டது அதுதான் முதல் தடவை. எதுவானாலும் நடுவனிடம்தான் பேசுவேன்.

“என்னா அண்ணி, அவரு வூட்ல இல்லியே” என்றாள்.

“அவன் வேணாம். உன்ட்டதான் கேக்கணும். ஒரு வருஷம் என்கூட மெட்ராஸ்ல வந்து இருப்பியா? புடிக்கலன்னா இல்லன்னு சொல்லிடு. சுத்தி வளைக்காத.”

பின்னால் மாடு கத்தியது.

“இத மொதல்லயே கேக்கறதுக்கு என்னா?” என்றாள். “நாலு பேரும் சுத்தி உக்காந்து பங்கு பிரிச்சிங்க. நான் டீ ஊத்திக்கிட்டு நின்னன். ஒருத்தராச்சும் திரும்பிப் பாத்திங்களா?”

“பாக்கல. இப்ப கேக்கறேன்ல.”

“கேட்டா ஒடனே ஓடியாந்துடுவாங்களா? எனக்கும் ஒங்களுக்கும் ஒருநாள் ஆவாது. ஒரு வருஷம் ஒரே ரூம்புல. நீங்க சோத்துல உப்பு பத்தலன்னா தட்டத் தள்ளுற ஆளு.”

“இப்ப தட்டத் தள்ள மூச்சு இல்ல” என்றேன்.

அவள் சிரித்தாள். சிரிக்க வைப்பதற்காக நான் சொல்லவில்லை.

“முந்திரி காச்சு நிக்கிது. பொறுக்கறதுக்கு ஆளில்ல” என்றாள். “அது முடியட்டும். நான் வந்து ஒங்க வூட்ல ஒரு வாரம் இருக்கறன். ஒங்ககூட இருக்க முடியுதான்னு பாக்கறன். முடிஞ்சா அந்த ஆஸ்பத்திரிக்காரம்மாகிட்ட நானே வந்து சொல்றன், மாட்ட அவரு கறக்கட்டும். முடியலன்னா மூஞ்சிக்கு நேரா முடியலன்னு சொல்லிட்டுப் போயிடுவன். சும்மா போயி பேர எழுதி வச்சிட்டு அப்புறம் பாத்துக்கலாங்கற வேலையெல்லாம் என்ட்ட கெடையாது.”

“முந்திரி முடியிற வரைக்கும் நான் இருக்கணுமே” என்றேன்.

“இருங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இதை எழுதுகிறபோது முந்திரி இன்னும் முடியவில்லை. இந்த வருஷம் காய்ப்பு நன்றாக இருக்கிறது என்று சின்னவன் போனில் சொன்னான், சந்தோஷமாகத்தான் சொன்னான். எனக்கு எரிச்சலாக வந்தது. கட்டிலிலிருந்து சமையல்கட்டுவரை போக முன்பு ஒரு இடத்தில் நிற்பேன், இப்போது இரண்டு இடத்தில் நிற்கிறேன். நேற்று மெதுவாக, நின்று நின்று, பின்னறையில் கிடந்த மூட்டைகளை ஓரம் தள்ளினேன். அவள் படுக்க ஒரு கட்டில் போடுகிற அளவுக்கு இடம் கிடைத்தது. கட்டிலை நகர்த்த என்னால் முடியாது. அதை அவளே வந்து நகர்த்திக்கொள்ளட்டும்.